இடுப்பு உயரத்தில் சில கோடுகள்

என் அக்காவின் கணவர், நான் மச்சான் என்று கூப்பிடுகிறவர், பல வருடங்கள் மாவாட்டும் கிரைண்டர்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். கணபதி என்கிற எங்கள் பகுதியில் அவருடைய அண்ணன் ஒரு கிரைண்டர் கம்பெனி வைத்திருந்தார். அங்கே ஒரே நிறம்தான், வெளிர் பச்சை. மச்சானின் காது மடிப்பில், நகக்கண்ணில், சட்டைக் காலரின் உட்புறத்தில் எப்போதும் அந்தப் பச்சை இருக்கும். கல்யாண ஆல்பத்தில்கூட இடது புருவத்தில் ஒரு பச்சைப் புள்ளியுடன் நிற்கிறார். தாலி கட்டும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக அக்கா சொல்வாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அவர் அண்ணனிடம் போய், இனிமேல் தன்னால் பச்சை அடிக்க முடியாது, கார் பாலிஷ் கடை போடப்போகிறேன் என்றார். அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"போயிட்டு வா. உன்ற டப்பாவ மூடி வெக்கறேன். பெயிண்ட் காயறதுக்குள்ள வந்துரு" என்றார்.

மச்சானுக்கு அன்றிலிருந்து வாழ்க்கையில் ஒரே லட்சியம். அந்த டப்பா காய வேண்டும்.

அதே தெருவில் சற்றுத் தள்ளி, ஒரு பழைய லேத் பட்டறையைப் பிடித்து ஷட்டருக்கு வெள்ளை அடித்தார். காரைக் கழுவித் துடைத்து அனுப்புகிற கடை என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். "கழுவறதுக்கு வாய்க்கா இருக்குது, கொளம் இருக்குது. நாம பண்றது பாதுகாப்பு" என்பார். விலை உயர்ந்த கார்களின் பெயிண்டைத் தேய்த்து, மெருகேற்றி, அதன் மேல் மெழுகுப் பூச்சு போட்டு, வெயிலும் தூசும் அண்டாமல் செய்வது அவர் திட்டம். அப்போது ஊரில் அப்படிப்பட்ட கார்கள் சில இருந்தன. அவை எல்லாமே ஏதோ ஒரு வகையில் ஒன்றுக்கொன்று சொந்தம். ஒருவருடைய மச்சினன் இன்னொருவருடைய சம்பந்தி. ஒரு கல்யாணப் பந்தியில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாக விழுந்தால் ஊர் முழுக்க வாடிக்கை. கெட்டதாக விழுந்தால் பச்சை டப்பா.

நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். வேலை சாயங்காலம்தான் தொடங்கும் என்பதால் பகலில் கடையில் போய் உட்கார்ந்திருப்பேன். விளம்பர நோட்டீஸ் எழுதியது நான். 'உங்கள் காரின் மேனிக்கு ஒரு காப்பு' என்று தொடங்கும். மச்சான் படித்துவிட்டு, "மாப்ள, தடுப்பூசி போடற மாதிரி இருக்குது" என்றார். அப்படியே அச்சடித்தோம்.

பாலிஷ் வேலைக்குப் போத்தனூரிலிருந்து ஒரு பாய் வந்தார். பல வருடங்கள் துபாயில் கார் மெருகேற்றியவர். அதை அவர் யாருக்கும் மறைத்ததில்லை. டீ ஆறிப்போனால் துபாயில் டீ ஆறாது. மழை பெய்தால் துபாயில் பெய்யாது. தான் தேய்த்த ஒரு ஷேக்கின் காரில் உட்கார்ந்த ஈ வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தது என்று சொல்வார். அக்கா ஒரு நாள் கேட்டாள்.

"ஏனுங்க பாய், அத்தன ஷேக்கு உங்கள நம்பி இருக்கறப்ப, எங்கூட்டுக்காரரு கிட்ட எதுக்குங்க வந்து நிக்கறீங்க?"

"அங்க வெயில் ஜாஸ்திங்க அம்மணி."

ஆனால் கடையின் சட்டங்களை வகுத்தவர் அவர்தான். முதல் சட்டம், உள்ளே உலோகம் கூடாது. பெல்ட், கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் வாசலில் ஒரு அலுமினியத் தட்டில் போட்டுவிட வேண்டும். குனிந்து தேய்க்கும்போது பக்கிள் பட்டால் ஒரு கோடு, கடிகாரம் பட்டால் ஒரு கோடு. பாய் லுங்கிதான் கட்டுவார். அதன் முடிச்சையும் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டிருப்பார். வளையல் போட்ட அக்காவுக்கு உள்ளே அனுமதி இல்லை. சோற்றுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு, அவள் ஒவ்வொரு நாளும் அதைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போவாள்.

இரண்டாவது சட்டம், குழாயில் வரும் சிறுவாணித் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். ஆழ்குழாய் போர்த் தண்ணீர் காய்ந்தால் கறுப்பு பெயிண்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி நிற்கும். சிறுவாணி எங்கள் தெருவில் நினைத்தபோது வராது. வருகிற அன்றைக்கு மச்சான் வீட்டு டிரம்மை உருட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். அந்தக் காலத்தில் எங்கள் அக்கா வீட்டில் சாம்பார் போர்த் தண்ணீரில் கொதித்தது. ஊரான் வீட்டுக் கார் சிறுவாணியில் குளித்தது. பருப்பு வேகவில்லை என்று மச்சான் ஒருமுறை சொல்லிவிட்டார். அதற்கு அக்கா சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

இந்த நிலையில்தான் அந்தக் கறுப்பு ஜெர்மன் கார் வந்தது.

கார்க்காரர் நூல் மில் முதலாளி. குடும்பம் தொண்டாமுத்தூர்ப் பக்கம். மில் வந்த பிறகும் தோட்டத்து வீட்டை விட்டு வரவில்லை. அளவாகப் பேசுகிறவர். காரை விட்டுவிட்டு, "பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்பாசிடரில் ஏறிப் போனார்.

மச்சானும் பாயும் அதில் வேலை செய்ததைப் போல ஒரு வேலையை நான் எங்கள் அலுவலகத்தில் பார்த்ததில்லை. தரையெல்லாம் தண்ணீர் தெளித்துத் தூசை அடக்கினார்கள். ஷட்டரை இறக்கினார்கள். கணபதியில் ஷட்டரைத் திறந்து வைத்தால் பக்கத்து வார்ப்புப் பவுண்டரிகளின் இரும்புத் தூள் வந்து உட்காரும், ஈரம் பட்டதும் துருப்பிடித்துச் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளியாகும். மேலிருந்து கீழாகக் கழுவினார்கள். பிசைந்த மைதா மாதிரி ஒரு பொருளைப் பாய் உருட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்த கதவின் மேல் இழுத்தார். அதில் ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கைக் காட்டி, "பாத்தீங்களா, இது உங்க ஊரு" என்றார். பிறகு சுழலும் மெஷினில் கம்பளி வட்டை மாட்டி, பசை தடவி, ஒவ்வொரு பாகமாகத் தேய்த்தார்கள். அதன் மேல் கையால் மெழுகு. கடைசியில் ஒரு டியூப்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்கள். குழல் விளக்கின் பிம்பம் பெயிண்டில் எங்கேயும் உடையாமல் நேராக ஓடியது. மச்சான் அதில் தன் முகத்தைப் பார்த்தார். புருவத்தில் பச்சை இல்லை.

கார் போய்ச் சில வாரத்தில் திரும்பி வந்தது. இந்தமுறை மில்காரர் தானே இறங்கினார்.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. அவசரமெல்லாம் இல்லீங்க. இந்தப் பக்கத்துல கொஞ்சம் கோடு உழுந்த மாதிரி தெரியுதுங்க. என்ற கண்ணுலதான் கோளாறோ என்னமோங்க. சும்மா பாத்துச் சொன்னீங்கன்னா நல்லாருக்குமுங்க."

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் எவ்வளவு தங்கமான மனிதர் என்பார்கள். மச்சானுக்கு வியர்த்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதை கூடும். சாதாரணமாக இருக்கிறவன் 'வா' என்பான். கொஞ்சம் மனத்தாங்கல் வந்தால் 'வாங்க'. வாக்கியத்துக்கு வாக்கியம் ங்க வந்துவிட்டால் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி வைக்கக் கூடாது.

"அடுத்த மாசம் பையனுக்கு நிச்சயமுங்க" என்று மில்காரர் தொடர்ந்தார். "பொண்ணூட்டுக்காரங்க பொள்ளாச்சிப் பக்கமுங்க. அவுங்ககிட்டயும் ரெண்டு காரு இருக்குதுங்க. உங்களப் பத்திச் சொல்லி வெச்சிருக்கறனுங்க. ஒறம்பரையெல்லாம் வருவாங்க. காரத்தான் மொதல்ல பாப்பாங்க. வாரனுங்க."

அவர் போனதும் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். இருந்தது. இடது பக்கம் மட்டும், முன் கதவிலிருந்து டிக்கி வரை, இடுப்பு உயரத்தில் மெல்லிய கோடுகள். நிழலில் தெரியாது. வெயிலில் சிலந்தி நூல் மாதிரி மின்னியது.

பாய் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "டிரைவர். காஞ்ச துணியில தூசி தட்டியிருக்கான். துபாய்ல இந்த மாதிரி டிரைவர ஏர்போர்ட்டுக்கு அனுப்பிருவாங்க."

டிரைவர் வெள்ளை உடுப்பில் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். "நானுங்களா? என்ற பொண்டாட்டியக்கூட இத்தன பதனமாத் தொட்டதில்லீங்க. எங்க தோட்டத்துக்கு யானை வருதுங்க. ராத்திரி வந்து ஒரசிட்டுப் போயிருக்கும்."

"யானை ஒரசுனா கோடா உழுவும்? காரு தகரமாயிருக்கும்."

"சின்ன யானையா இருந்திருக்கும்ங்க."

மறுபடியும் தேய்த்தார்கள். கோடு போனது. ஆனால் காரை அனுப்பிய பிறகு பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கோட்டை எடுப்பதென்றால் கோட்டை மட்டும் எடுப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள பெயிண்டையும் அதே ஆழத்துக்குச் சீவி எடுப்பது. வெங்காயத் தோல் கணக்குதான் பெயிண்ட் இருக்கும். "இன்னொருக்கா தேச்சா உள்ள பிரைமர் தெரியும். அப்பறம் பொள்ளாச்சிக்காரங்களுக்கு நம்மளையும் தெரியும்" என்றார்.

அடுத்த வாரமே டிரைவர் பஸ் ஏறி வந்து நின்றார். முதலாளி அனுப்பி வரவில்லை. பழி தன் தலையில் விழப்போகிறது என்று தானாக வந்திருந்தார். கோடு திரும்ப வந்துவிட்டது. அதே பக்கம், அதே உயரம். ஏன் என்று கேட்டால் அண்ணாந்து பார்த்தார். "நான் வேலைக்காரனுங்க. கண்ணால பாத்தாலும் வாயால சொல்ல முடியாதுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு டீயும் ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தும் ஒரு வார்த்தை பெயரவில்லை.

யாராவது தோட்டத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. மச்சான் போனால் வேவு பார்க்க வந்த மாதிரி இருக்கும். பாய் போனால் துபாயில்தான் பேச்சு முடியும். பத்திரிகைக்காரன் எங்கே போய் நின்றாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தேங்காய் விலை பற்றி எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ்ஸில் போனேன்.

போர்டிகோவில் கார் நின்றது. வலது பக்கம் சுவரை ஒட்டி, இடது பக்கம் வாசலைப் பார்த்து. கோடு ஏன் இடது பக்கம் மட்டும் என்ற கேள்வி அங்கேயே தீர்ந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மில்காரரின் அப்பா உட்கார்ந்திருந்தார். வெற்று மார்பு, தோளில் துண்டு. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"தேங்காயப் பத்தி என்னத்த எழுதுவ கண்ணு? காய் மேல இருக்குது, வெல கீழ இருக்குது. எழுதிக்கோ" என்றார்.

அதோடு என் பேட்டி முடிந்துவிட்டது. நல்லவேளையாக அப்போது சொந்தக்காரர்கள் இரண்டு பேர் ஒறம்பரையாக வந்தார்கள். காப்பி குடித்ததும் ஒருவர், "என்னமோ புதுசா வாங்கியிருக்கறீங்களாமா?" என்று கேட்டார். வரும்போதே காரின் மேல் இடிக்காமல் ஒதுங்கி வந்தவர்தான். பெரியவர் எழுந்தார்.

காரின் முன் கதவருகே போய் நின்றார். வலது கையை விரித்து அதன் தோளில் வைத்தார். அங்கிருந்து பின்பக்கம் வரைக்கும் ஒரே இழுப்பில் தடவிக்கொண்டே நடந்தார். டிக்கியின் ஓரத்தில் வந்ததும் பளார் பளார் என்று தட்டினார். கார் அசையவில்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

எனக்கு அந்தத் தடவல் தெரியும். சந்தையில் காங்கேயம் காளை வாங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தடவுவார்கள். திமிலிலிருந்து வால் வரை, ரோமம் படிந்திருக்கிற திசையிலேயே. எதிர்த்திசையில் தடவினால் மாடு சிலிர்க்கும். முதல் தடவை கோடுகளைப் பார்த்தபோது, எல்லாக் கோடும் முன்னிருந்து பின்னாகத்தான் ஓடுகிறது, ஒன்றுகூடத் திரும்பவில்லை என்று கவனித்திருந்தேன். துணியால் துடைக்கிறவன் இரண்டு பக்கமும் துடைப்பான். யானை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது.

பெரியவர் விரலில் பவழம் பதித்த தங்க மோதிரம். கல்லைப் பிடித்திருந்த கொக்கிகள் நன்றாக நீட்டிக்கொண்டிருந்தன.

வந்தவர்களும் முறைப்படி தடவினார்கள். அவர்கள் கையிலும் மோதிரம். ஒருவர் கையில் இரண்டு.

"பல்லுப் புடிச்சுப் பாத்தீங்களா?" என்றார் அவர்.

"ஜெர்மன்காரன் வாயே தொறக்கலீங்க" என்றார் பெரியவர்.

"சுழி கிழி ஒண்ணும் தப்பா இல்லீங்களே?"

"சுழியெல்லாம் சுத்தம். தீனிதான் ஜாஸ்தி."

மூன்று பேரும் சிரித்து, மூன்று பேரும் தட்டினார்கள். தென்னை மரத்தடியில் நின்ற டிரைவர் ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டார். மில்காரர் எப்போது வெளியே வந்தார் என்று நான் பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மோதிரம் பெயிண்டில் ஓடும் சத்தம் மெலிதாகக் கேட்டது. அவருடைய தாடை ஒருமுறை இறுகித் தளர்ந்தது. என்னைப் பார்த்தார். உடனே தென்னை மரத்தைப் பார்த்தார்.

கடைக்கு வந்து சொன்னதும் மச்சான் கையிலிருந்த துணியை உதறி மடித்து வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"மாப்ள, அந்தாளு நம்மளத் திட்டவே இல்ல. அவுங்கப்பாவத் திட்டறதுக்கு நம்மள வாடகைக்குப் புடிச்சிருக்கறாரு."

அதுதான் விஷயம். மில்லில் ஆயிரம் பேருக்கு உத்தரவு போடுகிறவருக்கு, அப்பா, காரைத் தொடாதீங்க என்று ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. அதனால் பாலிஷ்காரனிடம் கோடு கோடு என்று முறையிட்டார். பாலிஷ்காரனாவது போய்ச் சொல்வான் என்று எதிர்பார்த்தார். அவரால் முடியாததை மச்சான் எப்படிச் சொல்வார்? சொன்னால் பெரியவர் மனம் நோகும், பெரியவர் மனம் நொந்தால் மில்காரர் சும்மா இருக்க மாட்டார். சொல்லாவிட்டால் நிச்சயத்தன்று பொள்ளாச்சியே கோட்டைப் பார்க்கும். இரண்டு வழியும் பச்சை டப்பாவில் போய் முடிந்தன.

"போர்டு எழுதி மாட்டலாம். தொடாதீர்கள்னு. துபாய்ல எல்லா எடத்துலயும் இருக்கும்" என்றார் பாய்.

"அவரு ஊட்டு வாசல்ல அவருக்கே போர்டா?"

வாசலில் நின்ற அக்கா, "கண்ணுபட்டுப் போச்சுன்னு சொல்லிப் பூசணிக்கா ஒடைக்கச் சொல்லுங்க" என்றாள்.

"ஒடைச்சாப் பூசணிக்காயில இருக்கற குங்குமமெல்லாம் பெயிண்ட் மேல தெறிக்கும். நீ ஊட்டுக்குப் போ."

"உங்களுக்கு நல்லது சொன்னா எப்பவும் ஊட்டுக்குத்தான் போகணும்" என்று அவள் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

நிச்சயத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு பூச்சுக்குக் கார் வந்தது. தேய்க்க முடியாது. மெழுகை நிரப்பிக் கோட்டை மறைக்கலாம், அதுவும் அடுத்த தடவல் வரைக்கும்தான். கார் கதவு திறந்தது. இறங்கியவர் பெரியவர்.

"என்ற காரை அடிக்கடி இங்க கொண்டாந்து என்னதான் பண்றீங்கன்னு பாக்க வந்தேன்" என்றார்.

மச்சான் நாற்காலி எடுக்க ஓடினார். பாய் கையில் கார் துடைக்கிற ஆட்டு ரோமக் கையுறையை மாட்டிக்கொண்டு அப்படியே நின்றார். பெரியவர் நேராக உள்ளே நடந்தார். அப்போது சோற்றுத் தூக்கோடு வந்த அக்கா, அவர் யார் என்று தெரியாமல், தினமும் தனக்குச் சொல்லப்படுவதையே சொன்னாள்.

"ஏனுங்கய்யா, மோதிரத்தோட உள்ள போகாதீங்க. அந்தத் தட்டுல கழட்டிப் போட்டுட்டுத்தான் போகணுமாம். வளையல் போட்டிருக்கறேன்னு என்னையே வாசல்ல நிறுத்திருவாங்க."

மச்சான் கையிலிருந்த நாற்காலி கீழே விழுந்தது.

"ஏன்?" என்றார் பெரியவர்.

"பட்டாக் கோடு உழுமாமுங்க. என்னமோ கெரகம். மாட்டுத் தோலு தாங்கும், இந்தத் தகரம் தாங்காதாம்."

பெரியவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். காரைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, வெளிச்சம் படும்படி தலையைச் சாய்த்து, இடுப்பு உயரத்தில் பார்த்தார். சந்தையில் பார்த்துப் பழகிய கண்.

"அப்ப இதெல்லாம்?"

"அதொண்ணுமில்லீங்க, வெயிலுக்கு அப்புடித் தெரியுமுங்க" என்றார் மச்சான்.

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். "ஏங்கண்ணு, தேங்கா வெல கேக்க வந்தவந்தான நீ?"

"ஆமாங்க."

"தேங்காயத் தவிர மத்த எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்தியே. அப்பவே நெனச்சேன்." நாற்காலியை நிமிர்த்தி அவரே உட்கார்ந்தார். "இத்தன பேரு இருக்கறீங்க. பெத்த பையன் ஒருத்தன் இருக்கறான். ஒருத்தன் வாயிலகூடவா வரல? எல்லாரும் வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

அக்கா இப்போதுதான் விவரம் புரிந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மாடு இருந்தப்ப இந்தக் கையில மோதிரம் இல்ல" என்றார் அவர். "மாடு தடவறவன் மோதிரம் போடமாட்டான், அதும் தோலு கீறும். மாட்ட வித்துக் கெணத்துக்கு மோட்டார் போட்டோம். அப்பறம்தான் சோசியக்காரன் சொன்னான்னு இது வந்துச்சு. எனக்கே தோணியிருக்கணும்."

கழற்றப் பார்த்தார். வரவில்லை. விரல் பருத்து மோதிரம் பதிந்திருந்தது. அக்கா சோப்புக் கொண்டுவந்தாள், நகரவில்லை. பாய் முன்னால் வந்து, கடையிலேயே விலை கூடிய அந்த வெளிநாட்டு மெழுகை விரல் நுனியில் எடுத்து மோதிரத்தைச் சுற்றித் தடவினார். இரண்டு திருகு. மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்து அலுமினியத் தட்டில் விழுந்தது.

"துபாய்ல ஒரு ஷேக்குக்கு இப்புடித்தானுங்க" என்று பாய் ஆரம்பித்தார்.

"அவனும் மாடு வெச்சிருந்தானா?" என்றார் பெரியவர்.

பாய் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துபாய்க் கதையை முடிக்கவில்லை. போகும்போது பெரியவர் அவர் கையிலிருந்த கையுறையைக் கேட்டு வாங்கி, மாட்டிக்கொண்டு, தோளிலிருந்து டிக்கி வரை ஒரு தடவை தடவினார். கடைசியில் தட்டவில்லை. "மெத்துனு இருக்குது. இது எங்கிட்ட இருக்கட்டும்" என்றார்.

நிச்சயத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. பெண் வீட்டு வாசலில் பந்தல். பந்தலுக்கு வெளியே கார். காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பெரியவர். தட்டு மாற்றும்போது மட்டும் உள்ளே போய்விட்டு உடனே வந்துவிட்டார். அவர் மடியில் ஆட்டு ரோமக் கையுறை. யார் காருக்குப் பக்கத்தில் வந்தாலும் ஒரே சொல்தான். "மோதிரத்தக் கழட்டு. இல்லீன்னா இதப் போட்டுக்கோ." ஊரில் எல்லோரும் நேராகச் சொல்லத் தயங்கிய ஒன்றை அவர் எல்லோரையும் பார்த்து வாய் நிறையச் சொன்னார். வேட்டி கட்டிய பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று கையுறை மாட்டித் தடவினார்கள். ஒவ்வொருவர் தடவத் தடவக் கார் மெருகேறிக்கொண்டே போனது. பாய்க்குக் கூலி கொடுக்காமல் நடந்த வேலை.

பெண்ணின் அப்பா வந்தார். பத்து விரலுக்கும் பஞ்சமில்லாமல் மோதிரம் போட்டவர். மில்காரரின் முகம் வெளுத்தது. புதுச் சம்பந்தி, தட்டு மாற்றிச் சந்தனம்கூடக் காயவில்லை.

"மோதிரம்" என்றார் பெரியவர்.

சம்பந்தி தன் கையைப் பார்த்தார். மச்சான் என் முழங்கையைப் பிடித்தார், ஐந்து விரலும் பதிந்தது.

"இத்தனையும் கழட்டறதுக்குள்ள பந்தி முடிஞ்சுபோயிருமுங்க" என்றார் சம்பந்தி. "அதக் குடுங்க." மாட்டிக்கொண்டு, முன்னிருந்து பின்னாக, சுத்தமான காளைத் தடவல். "ஏனுங்க, முட்டாத மாடுங்க இது" என்றார். பந்தல் சிரித்தது. "எங்க ரெண்டையும் யாருகிட்ட உடறது?"

மில்காரர் மச்சானைக் கண்ணால் காட்டினார். பிறகு பந்தியில் எங்கள் இலைக்கு எதிரே வந்து நின்று, "நல்லாப் பண்ணிட்டடா" என்றார். ஒரு ங்க கூட இல்லை. மச்சான் அன்று இரண்டு தடவை பாயசம் வாங்கினார்.

பொள்ளாச்சியிலிருந்து கார் இரண்டும் வந்தன. கூடவே ஒரு டெம்போவும் வந்தது. அதிலிருந்து நான்கு ஆள் சேர்ந்து ஒரு கிரைண்டரை இறக்கினார்கள். மகளுக்குச் சீராகக் கொடுக்க எப்போதோ வாங்கி வைத்தது, காரோடு காராக அதுவும் பளபளவென்று இருக்கட்டும் என்று சம்பந்தி சொல்லி அனுப்பியிருந்தார்.

வெளிர் பச்சை. மச்சான் அதைச் சுற்றி வந்தார். டிரம்முக்குக் கீழே, பின்பக்கத்தில், பெயிண்ட் வழிந்து காய்ந்த ஒரு கோடு இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது நான் உட்டதுதான் மாப்ள. அன்னிக்குக் கரண்டு போயிருச்சு" என்றார்.

பாய் தொட மறுத்துவிட்டார். துபாயில் இந்தச் சோலி கிடையாதாம். மச்சானே உட்கார்ந்து அந்த வழிசலைத் தேய்த்து எடுத்து, சிறுவாணித் தண்ணீரில் கழுவி, வெளிநாட்டு மெழுகு போட்டார். முடிக்கிற நேரத்தில் அவருடைய அண்ணன் தெருவில் போனவர் நின்று, கண்ணுக்கு மேல் கைவைத்து உள்ளே பார்த்தார்.

"என்னடா, கடைசியில பச்சைக்கே வந்துட்டயாட்ட இருக்குது?"

மச்சான் நிமிரவில்லை. டியூப்லைட்டைப் பிடித்து, கிரைண்டரில் அதன் பிம்பம் உடையாமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வர்றதுன்னா மோதிரத்தக் கழட்டித் தட்டுல போட்டுட்டு வாங்கண்ணா" என்றார்.